அங்கீகாரமும் ஒரு பொன்னாடையும்

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வரும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனங்களுக்காக டாக்டரிடம் சிங்களத்தில் பேசி உதவச் சிலர் சம்பளமில்லாமல் வருகிறோம். ஆட்களை ஒழுங்குபடுத்துவது என் தலையில். போன வருஷம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். செவ்வாய்க்கிழமைக்கு மிஞ்சியது கெலிஓயாவிலிருந்து வரும் ஒரே ஒரு அக்கா, ஓய்வுபெற்ற கிளார்க். அவரும் நின்றுவிட்டால், வருகிறவர்கள் டாக்டர் சொல்வதற்கெல்லாம் சும்மா தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

எனக்குப் பயம் பிடித்தது. தொண்டர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு விரிவுரையாளரிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண், நல்ல மாதிரி. தன் இங்கிலீஷ் கட்டுரையைத் தந்தார். படித்தேன், ஒரு மண்ணும் விளங்கவில்லை. போன் போட்டேன்.

"சுருக்கமாச் சொன்னா, அவையளுக்கு அங்கீகாரம் குடுக்கவேணும்," என்றார்.

"எப்படிக் குடுக்கிறது மிஸ்?"

"அது ஆய்வில இல்லை. நீங்கள்தான் பாத்துச் செய்யவேணும்."

அங்கீகாரம் என்றால் நம்ம ஆட்களுக்கு வேறென்ன தெரியும்? கூட்டம், மாலை, பொன்னாடை. அக்காவுக்கு ஜோராகப் போர்த்திக் கைதட்டினோம்.

அடுத்த செவ்வாய் அக்கா வரவில்லை. போனும் எடுக்கவில்லை. என் அரைகுறைச் சிங்களத்தோடு நான் பட்ட பாடு! ஒரு அம்மாவின் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் எனக்கு நிச்சயமாக விளங்கவில்லை.

மத்தியானமே கெலிஓயா பஸ் ஏறினேன். அக்கா உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"பொன்னாட போத்தி அனுப்பியாச்சு, இன்னும் என்னா? ரிட்டயர் ஆனப்ப ஆபீஸ்லயும் இதத்தான் செஞ்சாங்க. வயசாயிருச்சு, வராதீங்கன்னு நேரா சொல்லியிருக்கலாமே."

"ஐயோ அக்கா, ஆராய்ச்சியில அப்படிச் சொல்லியிருக்கு..."

"ஓ, ஆராய்ச்சி பண்ணியா அனுப்புனீங்க?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆராய்ச்சி பிழையா, எங்கள் பொன்னாடை பிழையா, இன்றுவரை தெரியாது. பிறகு விரிவுரையாளரிடம் கேட்டபோது அவரும் என்னோடு சேர்ந்து குழம்பினார். அன்றைக்கு அந்த வாசலில், நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்றுகூடப் புரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, எனக்கு முடியல. அடுத்த செவ்வா ஏழு மணிக்கே வந்துருங்க."

"ஏழு மணிக்கா? பைத்தியமா ஒங்களுக்கு? அந்நேரத்துக்கு எனக்கு யாரு பஸ் விடுறது?" என்று சத்தம் போட்டார். "ஏழரைக்குத்தான் வருவேன், சொல்லிட்டேன்!"