தண்ணீர் இல்லாத குற்றாலத்தில் எங்கள் அம்மா

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் மேலகரம் தாண்டியதும் தெரிகிற இரண்டு மாடி லாட்ஜ் நான் கட்டியது. அதை ஒட்டிய கல்யாண மண்டபமும் நான் கட்டியதுதான். மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கிணறு, "அடியில் முழுப் பாறை, இங்கே தோண்டாதே" என்று நீரோட்டம் பார்க்கிறவர் சொல்லிவிட்டுப் போன இடத்தில் நான் பிடிவாதமாகத் தோண்டியது. பங்குனியிலும் அதில் தண்ணீர் நிற்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து எட்டிப் பார்க்கலாம். சீசன் பொய்த்த வருடங்களில் அருவிக்கரையில் கடை போட்டவர்கள் எல்லாரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஒருமுறை வெள்ளம் என் டீக்கடையை அடுப்போடு கொண்டுபோயிற்று. மறுநாள் காலையில் வேறு அடுப்பு மூட்டினேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் பல பேர் என் லாட்ஜில் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

தம்பியின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் இவர் தன்னைப் பற்றியே அளக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. பொறுங்கள். நான் கட்டியவற்றில் பெரியது தம்பிதான். நேரில் "ஏலே" என்றுதான் கூப்பிட்டேன், கடைசி வரைக்கும். மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று தம்பி மகள் சொல்லிவிட்டதால் "அவர்" என்று எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தியதும் அவள்தான். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

தம்பி பிறந்தது குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் இருந்த ஓலைக் குடிசையில். அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். அம்மா அருவிக்கரையில் சீயக்காய்த் தூளும் அரப்பும் விற்று எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினாள். தம்பிக்கு "அம்மா" என்று சொல்ல வாய் வருவதற்கு முன்னால் அவளையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. இலஞ்சியில் ஒரு பெரியம்மா தம்பியை ஏற்றுக்கொண்டார்கள். நான் தென்காசியில் ஒரு காப்பிக் கடையில் டம்ளர் கழுவப் போனேன். தம்பி படித்தார். ஃபீசு, சட்டை, செருப்பு எல்லாம் என் டம்ளரிலிருந்து வந்தவை. அதைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

படித்து, தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ராயகிரி, புளியங்குடி, கடையநல்லூர், திருவேங்கடம் என்று போகாத ஊர் இல்லை. கடையநல்லூரில் இருந்தபோது, வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களின் கடிதங்கள் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தால், தபால்காரர் வீட்டுக்குப் போன பிறகும் தானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்படிக் கடிதம் வாங்கிய தாய்மார்கள் சிலர் அவர் இறந்த அன்று, நடக்க முடியாத வயதிலும் காரில் வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். லாட்ஜ் கட்டிய எனக்கு அந்த மாதிரி கூட்டம் வருமா என்று தெரியவில்லை. திருவேங்கடத்தில் வேலை பார்த்தபோதுதான் அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்தார். அந்தக் கரிசல் காட்டுப் பெண் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததைப் பின்னால் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு தம்பிக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. வாங்கிக் கொடுத்தது நான். சினிமா பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்ததோ பழைய தென்காசியை. அந்தக் காலத்து வரைபடம், வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த குறிப்பு, வரைந்த ஓவியம், எடுத்த போட்டோ என்று எங்கெங்கோ ஆவணக் காப்பகங்களில் கிடந்தவற்றை இப்போது படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். நான் சின்ன வயதில் பார்த்த, தென்காசிக் கோயிலின் இடிந்த மொட்டைக் கோபுரத்தை அதில் காட்டினார். கும்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்த தோட்டத்தைப் பற்றி வாசித்துச் சொன்னார்.

"அண்ணே, நம்ம ஊரு கதை பூரா அங்கன இருக்கு."

"நம்ம ஊரு கதை நம்ம ஊர்ல இல்லாம அங்கன எதுக்குலே போச்சு?"

"தூக்கிட்டுப் போனதுனாலதாம்ணே கரையான் திங்காம இருக்கு. நம்ம பரண்ல இருந்திருந்தா நீங்க அடுப்பு மூட்டியிருப்பீய."

ஊர் வரலாறு தேடுகிறார், நல்ல பொழுதுபோக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு நாள் அவரே வாய் விட்டார்.

"அண்ணே, குத்தாலத்துக்கு வந்தவன் போனவன் எல்லாம் அருவியப் படம் எடுத்திருக்கான். அம்மா வித்தது அருவிக்கரையில. எவன் படத்துலயாவது அம்மா விழுந்திருக்க மாட்டாளா?"

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் கிடையாது. ஆடி அமாவாசைக்கு ஊர் உலகமெல்லாம் எங்கள் குற்றாலத்துக்கு வந்து முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுப் போய், வீட்டில் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைக்கும். நாங்கள் விளக்குக்குப் பூச் சுற்றிக் கும்பிட்டோம். என் மண்டபத்தில் நடக்கிற கல்யாணங்களில் செத்துப்போன பெரியவர்களின் படத்தை முன் நாற்காலியில் வைத்து ஆசி வாங்குவார்கள். தம்பி மகள் கல்யாணத்தில் அந்த நாற்காலியில் குத்துவிளக்குதான் இருந்தது. எனக்காவது கண்ணை மூடினால் அம்மா தெரிவாள். தம்பிக்குக் கண்ணை மூடினாலும் இருட்டு, திறந்தாலும் விளக்கு.

அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டார். சொன்னேன். அந்தக் காலத்து எல்லாப் பெண்களையும் போலக் காது வளர்த்தவள். பாம்படம் வாங்க வழியில்லாமல் வெறும் காதுதான் தோளில் தொங்கும். அதிலும் இடது காது அறுந்து இரண்டாகப் பிரிந்திருக்கும். வலது காது வளையத்துக்குள் விரலை விட்டுக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அதிலிருந்து, காது வளர்த்த பெண் எந்தப் படத்தில் தென்பட்டாலும் எனக்கு ஆள் வரும். நான் போய்ப் பார்ப்பேன்.

"இது?"

"இல்ல."

"கொஞ்சம் நல்லாப் பாருங்கண்ணே."

"லே, அம்மாவப் பாத்தவன் நானா நீயா?"

"அதுக்குத்தானே ஒங்களக் கூப்புடுதேன். எனக்கே தெரிஞ்சா ஒங்க காப்பிச் செலவு மிச்சம்."

இப்படியே வருடங்கள் போயின. தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டது. திருநெல்வேலிக்கு டயாலிசிசுக்குப் போய் வந்தார். போய் வந்த களைப்பிலும் உட்கார்ந்து தேடுவார். ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். கோவிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அடுத்து ஏதாவது ஒரு படத்தக் காட்டுனா, ஆமா, இதுதாம்னு சொல்லிருங்க. அவுக நிம்மதியாப் போவாக. யாருக்கு என்ன நட்டம்?"

நான் பெருமை பேசுகிறவன் என்று ஊருக்கே தெரியும். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லுவேன், இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் இதில் எனக்கு நாக்கு எழவில்லை. "வேற எவளோ ஒருத்திய எங்க அம்மான்னு சொல்லி மாலை போட்டா, எங்க அம்மா எங்கன போவா? முடியாதும்மா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஆரம்பத்திலேயே தம்பி ஒரு தொகுப்பைத் திறந்து பார்த்திருந்தார். செடிகொடி ஆராய வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்த படங்கள். குற்றாலம் என்று போட்டிருந்தது. எல்லாம் காய்ந்த பாறை.

"குத்தாலம்ங்கான், தண்ணியே இல்லியேண்ணே."

"எவனோ தப்பா எழுதி வச்சிருக்கான். தண்ணி இல்லாத குத்தாலத்த எவன் மெனக்கெட்டு வந்து படம் எடுப்பான்? தள்ளுலே."

தள்ளிவிட்டார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்களுக்குக் குற்றாலம் என்றால் சாரல். சாரல் முடிந்தால் நானே மாடி அறைகளைப் பூட்டிவிடுவேன். அருவிக்கரையில் பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் வெறும் பாறை கண்ணில் குற்றாலமாகத் தெரியவில்லை.

ஊசி குத்திக் குத்தித் தம்பியின் கை வீங்கிய பிறகு, மவுசைப் பிடித்தது தம்பி மனைவி. நானும் அன்று பக்கத்தில் இருந்தேன். அந்தத் தொகுப்பு மறுபடியும் வந்தது.

"அது வேண்டாம்ட்டி. அதுல தண்ணி இல்ல" என்றார் தம்பி.

"தண்ணி இல்லன்னா மனுசரு இல்லையா? எங்க ஊருல வருசம் பூரா இப்படித்தான் கெடக்கும். அங்கன பெறந்தவளத்தானே தேடி வந்து கட்டுனீக?"

சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தார். பாறை இடுக்கில் ஏதோ செடி. அதே பாறையில் இன்னொரு படம். அதன் ஓரத்தில் ஒரு பெண் குனிந்து சாக்கில் எதையோ பரப்பிக்கொண்டிருந்தாள். சீயக்காய்! சாரல் இல்லாத மாதங்களில் அருவிக்குக் கீழே இருக்கிற பாறையில்தான் அம்மா சீயக்காய் உலர்த்துவாள். அந்தச் சூடு வேறெங்கும் கிடைக்காது. தண்ணீர் விழுகிற காலத்திலேயே அவளைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது எப்படி மறந்தது!

அந்தப் படத்தில் அவள் நெடி ஏறாமல் இருக்க முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தாள். அடுத்த படத்தில் முந்தானை கழுத்துக்கு இறங்கியிருந்தது. தம்பி மனைவி படத்தைப் பெரிதாக்கினார். ஒரு காது வளையமாகத் தொங்குகிறது. மற்றது அறுந்து இரண்டாகக் கிடக்கிறது.

தம்பி படத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"அண்ணே?"

திரையில் தொங்கிய அந்தக் காது வளையத்தின் மேல் விரலை வைத்தேன்.

"அண்ணே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இவதாம்லே. நம்ம அம்மா."

அதற்குப் பிறகுதான் திரும்பிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எம் மகள விடச் சின்னப் பிள்ளையா இருக்காளேண்ணே" என்றார். பிறகு, "பக்கத்துல இன்னொரு சாக்குல கெடக்க பிள்ள யாரு?" என்றார்.

"நீதாம்லே. பாறச் சூட்டுல சொகமா ஒறங்குத."

"நீங்க எங்க? எந்தப் படம்னாலும் முன்னால வந்து நிப்பீயளே!"

"படம் எடுக்கான்னு தெரிஞ்சிருந்தா நின்னுருப்பம்லா."

தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார். எது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் அம்மா படத்துக்கு மாலை விழுந்தது. தென்காசியில் இருந்ததிலேயே கனமான மாலை, நான் வாங்கியது. புரட்டாசியில் தம்பி போய்ச் சேர்ந்தார். கட்டிலுக்கு எதிரே அம்மாவை மாட்டியிருந்தோம். கண் அந்தப் பக்கமாகத்தான் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. எந்த நேரம் கூப்பிட்டாலும் கார் எடுத்து வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும், டயாலிசிஸ் அறையில் தம்பியை "தாத்தா, இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுப் பேச வைத்த நர்சுப் பெண்களுக்கும் நன்றி. துக்க வீட்டுக்கு மூன்று வேளையும் சமைத்து அனுப்பிய என் லாட்ஜ் சமையல்காரருக்கும் நன்றி. செடியைப் படம் எடுக்க வந்து எங்கள் அம்மாவையும் எடுத்துவைத்த அந்த வெள்ளைக்காரருக்கும், அதைத் தூக்கி எறியாமல் உலகத்துக்கே திறந்துவிட்ட காப்பகத்தாருக்கும் என் கும்பிடு. தம்பி மனைவிக்கு நன்றி சொன்னால் போதாது. அவர் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் இருப்பது எங்கள் அம்மா என்று தம்பி காப்பகத்துக்கு எழுதினார். உடம்புக்கு முடியாமல் இரண்டு வரிதான் எழுதினார். அவர்களும் மதித்துப் படத்தின் கீழே அம்மா பேரைப் போட்டு, இளைய மகன் தெரிவித்த தகவல் என்று சேர்த்திருக்கிறார்கள். அதைக் காட்டியபோது நான் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். தம்பி சிரித்தார். "ஒங்க பேரையும் போடச் சொல்லி எழுதுதேண்ணே, மொறைக்காதிய" என்றார். அதற்குள் படுத்துவிட்டார். இந்த மலரின் முதல் பக்கத்தில் அதே படத்தை அச்சடிக்கப் போகிறார்கள். அதன் கீழேயும் தம்பி பேர் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே தம்பி மகளுக்கும் மருமகனுக்கும் சொல்கிறேன். மலரிலும் திருத்துங்கள், காப்பகத்துக்கும் எழுதுங்கள். தேடியவர் இளைய மகன். அந்தப் படத்தைத் திறந்தவர் அவர் மனைவி. அடையாளம் சொன்னவன் மூத்த மகன், நான். கிழவனுக்கு இந்த வயதிலும் பேர் ஆசை என்று சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆசை உண்டுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பேச்சு வருவதற்கு முன்பே தாயை இழந்த பிள்ளைக்கு இது தன் தாய் என்று எப்படித் தெரிந்தது என்று நாளைக்கு எவனாவது கேட்பான். தம்பி பேர் மட்டும் இருந்தால் அதற்குப் பதில் இல்லை. அம்மா மறுபடியும் யாரோ ஒரு பெண்ணாகிவிடுவாள். அந்த முகத்தை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். நான் இருக்கும்போதே என் பேரைப் போட்டுவிடுங்கள்.