உரித்துப்போட்ட ஸ்டிக்கரும் நிற்காத வண்டியும்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் மீட்டர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய், தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. அடுத்தவர் வீட்டுக் குழாய் சொட்டினாலே மனசு கேட்காத மனுஷர், தன் வீட்டுக்குள் ஒரு மெக்கானிக்கை விடுவாரா? மின்விசிறி, மோட்டார், இஸ்திரிப்பெட்டி, எது மக்கர் பண்ணினாலும் அவரேதான். இன்னொரு பழக்கமும் உண்டு. புதுச் சாமான் எது வந்தாலும் முதல் வேலையாக அதில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி உரித்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார். பசை இருந்தால் தூசி சேருமாம்! வாழைப்பழத்து ஸ்டிக்கரைக்கூட விட்டதில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மகளையும், பிறந்து நாலே நாள் ஆன பேத்தியையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும். "டாக்ஸியெல்லாம் வேணாம். அப்பா ஓட்டினாத்தான் ஏறுவேன்" என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக முந்தின நாளே லீவு போட்டு, தன் பழைய காரின் முன்சக்கரம் இரண்டுக்கும் புது காலிப்பர் மாட்டினார். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புக் கவ்வி அது. பழைய ஜோடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

மாட்டியது என்னவோ கனகச்சிதமாகத்தான். ஆனால் அன்று காலையில் பிரேக் பெடலை மிதித்தால், தலையணையை மிதித்த மாதிரி கால் அடிவரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

"உள்ள காத்து இருக்கு. எடுத்துட்டா சரியாயிடும்" என்று மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். காலிப்பரில் காற்று வெளியேற ஒரு சின்ன நிப்பிள் உண்டு. அதில் டியூபைச் சொருகி, மறுமுனையை பிரேக் ஆயில் பாட்டிலுக்குள் விட்டார்.

"மிதி. பிடி... விட்டுடாத... சரி, இப்ப விடு."

"இருபது தடவை ஆச்சுங்க. எனக்குக் கால் வலிக்குது, உங்க வண்டிக்கு ஒண்ணும் வலிக்கலை."

டியூபில் குமிழி வருவது நின்றுவிட்டது. பெடல் மட்டும் அப்படியே கொழகொழ. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயில் குழாயின் ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் பேப்பர் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எதிர்வீட்டு லாரி டிரைவர் வேலியோரம் வந்து, "ஆயில் போலியா இருக்கும் மீட்டரு" என்றார். ஓடிப்போய் வேறு கடையில் ஆயில் வாங்கி வந்து மாற்றினார். அதே கொழகொழ. பின்சக்கரத்தைக் கழற்றினார். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதுதான் அவரை இன்னும் குழப்பியது. எதையாவது உடைந்ததாகக் கண்டுபிடித்தால்தானே சரிபண்ணுவது?

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. "டாக்ஸி சொல்லிடட்டுமா?" என்றாள் மனைவி, மெதுவாக. அவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது அவளுக்கு. இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள். நர்ஸாக முப்பது வருஷம் வார்டில் ஊசி போட்ட கை, அந்த டியூபைத் தொட்டுப் பார்த்தது.

"ஏங்க, காத்து வர்ற ஓட்டை இதானே?"

"ஆமா."

"இது அடியில இருக்கே? காத்து மேலதானே போய் நிக்கும்? ஊசியில காத்து இருந்தா நான் முனையை மேல பாக்கப் பிடிச்சுத்தான் தட்டுவேன். கீழ பிடிச்சா மருந்துதான் போகும், காத்து உள்ளயே இருக்கும்."

அவர் சட்டென்று எழுந்து, குப்பைப் பெட்டியில் கிடந்த பழைய காலிப்பரை எடுத்து, முன்பு சக்கரத்தில் இருந்தபடியே புதுசுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் நிப்பிள் மேலே! அடுத்த பக்கத்துக்கு ஓடினார். அங்கேயும் புதுசில் கீழே.

"இடது பக்கத்தை வலது பக்கம் மாட்டியிருக்கேன்டி..."

"எது எந்தப் பக்கம்னு எழுதியிருக்காதா?"

"எழுதியிருந்துச்சு."

"எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "ஸ்டிக்கர்ல."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றி, மறுபடி மிதி, பிடி, விடு. குமிழி குமிழியாகக் காற்று வந்தது. மூணு மணிக்குப் பெடல் கல் மாதிரி நின்றது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் எல்லாம் சரியாக இருந்தும் நிற்காத வண்டி அல்லவா! லாரி டிரைவரையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் தெருவை நாலு சுற்று சுற்றி, வீட்டு வாசலில் சடாரென்று நிறுத்திக் காட்டி, "மீட்டரு, என் லாரிகூட இப்படி நிக்காது" என்ற பிறகுதான் முகம் தெளிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மகள் பின்சீட்டில் ஏறினாள். பேத்தி துணிக்குள் சுருண்டு தூங்கியது. பிஞ்சுக் காலில், அம்மா பெயர் எழுதிய காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. மீட்டர்க்காரர் குனிந்து பார்த்தார். கை தன்னாலே அதன் ஓரத்துக்குப் போனது.

"கையை எடுங்க!" என்றாள் மனைவி.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும், இருக்கட்டும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். கிளம்புவதற்கு முன்னால் பெடலை இன்னும் ஒரு தடவை மிதித்துப் பார்த்தார்.