அத்தைக்கு மட்டும் நீண்ட ஆடி

எனக்குப் பேச்சு வந்ததே அத்தையால்தான் என்று அம்மா சொல்வாள். அதை அப்புறம் யாராலும் நிறுத்த முடியாமல் போனதும் அத்தையால்தான் என்று அப்பா சேர்த்துக்கொள்வார். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் அவள் எங்களோடுதான் வளர்ந்தாள். மைசூரில், தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. என்னை நர்சரியில் கொண்டுபோய் விடுவது அத்தையின் பொறுப்பு. மார்க்கெட்டுக்குள் புகுந்துதான் போவோம். அந்தக் காலை நெரிசலில் என்னை நடத்திக் கூட்டிப்போக அவளே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள்.

மல்லிகைக் கூடை வழிவிடு,
வாழைத் தாரே வழிவிடு,
குங்குமக் குன்றே சரியாதே,
குட்டி ராணி வர்றா, வழிவிடு!

கடைசி வரி என்னுடையது. தொண்டை கிழியக் கத்துவேன். பூக்காரர்கள் கன்னடக்காரர்கள், பாட்டில் பாதி அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் கூடையை இழுத்துக்கொண்டு, "பாம்மா ராணி, பா" என்று அவர்கள் பாஷையில் வரச்சொல்லிச் சிரிப்பார்கள். நிஜமாகவே நான் ராணிதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஊர் ஈரோடு. அவள் பஸ் ஏறியபோது அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் நடித்துக் காட்டுகிறார்கள். மறுநாள் அப்பா என்னை ஸ்கூட்டரில் வைத்துப் பெரிய ரோடு வழியாக நர்சரிக்குக் கொண்டுபோனார். ஹாரன் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஐயோ, அந்தப் பயணம்! எனக்கு அத்தை வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆடி பிறந்ததும் அழைத்துவந்துவிடலாம், ஆடியில் புதுப்பெண் பிறந்த வீட்டில்தான் இருப்பாள் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அன்றிலிருந்து கண் விழித்ததும் "ஆடி வந்தாச்சா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

அதற்குப் பதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமிருந்து வந்தது. அவர்கள் கன்னடக்காரர்கள். கல்யாணமாகிப் போன அவர்கள் பெண் ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆஷாடம் தொடங்கிவிட்டதாம். எங்கள் ஊரில் இது ஒரு வேடிக்கை. கன்னடக்காரர்களின் ஆஷாடமும் எங்கள் ஆடியும் ஒரே வழக்கம்தான். ஆனால் அவர்கள் நிலவைப் பார்த்துக் கணக்குப் போடுவதால் ஆஷாடம் முந்திக்கொண்டு வந்துவிடும். ஆடி அதற்குச் சில வாரம் கழித்து, சாவகாசமாக வந்து சேரும்.

அம்மா இதைப் பேச்சுவாக்கில் போனில் சொல்லிவைத்தாள். அத்தை விடுவாளா? மைசூரில் ஆஷாடம் பிறந்துவிட்டது, மாமியாரும் மருமகளும் இப்போது ஒரே கூரைக்குக் கீழே இருப்பது குடும்பத்துக்கு ஆகாதாம் என்று மாமியாரிடம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் இந்த மாதிரி விஷயங்களில் ரொம்பப் பயந்தவர். அந்த வாரமே மருமகளை மைசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மறுபடி மார்க்கெட், மறுபடி பாட்டு. பூக்காரர்கள் அத்தைக்கு ஒரு முழம் மல்லிகையைச் சும்மாவே கொடுத்தார்கள். ராத்திரி அவள் காலின்மேல் என் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

அமாவாசையோடு ஆஷாடம் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சொல்லிவைத்தாற்போல் இரண்டொரு நாளில் ஈரோட்டு மாமா வந்து நின்றார்.

"ஆஷாடம் முடிஞ்சுதுன்னு பஸ்ல கூட வந்தவர் சொன்னாருங்க மச்சான். கூட்டிட்டுக் கெளம்பலாங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அத்தை அவர் தட்டில் உப்புமா வைத்துக்கொண்டிருந்தாள். "அது இந்த ஊர்க்காரங்களுக்குங்க. நாம தமிழங்க இல்லியா? நமக்கு ஆடி இப்பத்தானே பொறந்திருக்கு?"

"ஓஹோ! வரும்போது மைசூர்க்காரி, போகும்போது தமிழச்சியா?"

அப்பா விரித்திருந்த பேப்பர் குலுங்கியது. அம்மா சமையலறைக்குள் ஓடிவிட்டாள். மாமா நல்ல மனிதர். இன்னொரு கரண்டி உப்புமா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் தனியாகவே திரும்பிப் போனார். இத்தனை சாமர்த்தியமும் என் ஒருத்திக்காகத்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அத்தைக்கு மட்டும் ஆடி ரொம்ப நீளம் என்று நர்சரியில் எல்லோரிடமும் அளந்துகொண்டு திரிந்தேன்.

ஆடியும் முடிந்தது. "கௌரி பண்டிகை வருதேண்ணா, அதுக்கும் இந்த ஊர்ல பொண்ணுங்களை அழைப்பாங்களே..." என்று அத்தை இழுத்துப் பார்த்தாள்.

"போதும்மா. மாப்பிள்ளை பாவம்" என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார்.

கிளம்புகிற அன்று காலை அத்தை சமையலறையில் நின்றிருந்தாள். கையில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர். விளிம்பில் நசுங்கியது. சின்ன வயதிலிருந்து அவள் அதில்தான் காபி குடிப்பாள், வேறு யாராவது தொட்டால் சண்டைக்கு வருவாள். அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணி, இந்த டம்ளரை நான் எடுத்துக்கட்டுமா?"

எனக்கு வந்ததே சிரிப்பு! "அத்தைக்குப் பைத்தியம்! அத்தை டம்ளரை எடுக்க அத்தையே கேக்கறா!" என்று குதித்தேன்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எடுத்துக்கோ. கேக்கணுமா?" என்றாள். அத்தை என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, அந்த முந்தானையாலேயே துடைத்துக்கொண்டாள். நம் வேடிக்கை நன்றாக எடுபட்டுவிட்டது என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

போன வருஷம் எனக்குக் கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டேன். அங்கே என் மேனேஜர் வடக்கத்திக்காரர், அவருக்கு ஆஷாடமும் தெரியாது, ஆடியும் தெரியாது. அத்தையின் சாமர்த்தியத்தில் கால்வாசியைக் காட்டி ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டு மைசூர் வந்தேன். நன்றாகத் தின்றேன், நன்றாகத் தூங்கினேன், மார்க்கெட்டில் யாருக்கும் கேட்காமல் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தேன். திரும்புகிற அன்று காலை பெட்டியை மூடப்போனவளுக்கு ஞாபகம் வந்தது. சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன்.

"அம்மா, கொஞ்சம் காபிப்பொடி எடுத்துக்கட்டுமா?"

கேட்டபிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா தோசைக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எடுத்துக்கோ. கேக்கணுமா?"

சிரிப்பதற்கு அந்தச் சமையலறையில் சின்னப் பிள்ளை யாரும் இல்லை.