பட்டியலில் விழாத சைபர்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி எங்களுடையது. அன்றன்று எந்த வீடுகளுக்கு வண்டி போக வேண்டும் என்று பி.எச்.பி. என்ற கணினி மொழியில் கோடு எழுதிச் சலித்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்து நாற்காலியில் நான். என் கோடில் ஒரு பிழை கண்டால் போதும், நாள் முழுக்கக் குத்திக்காட்டுவாள். "கிளாஸ்ல பிராபர்ட்டியை முதல்லயே அறிவிச்சுடு. பேரே வைக்காத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ப்ப?" என்பாள். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள்தான்.

மூன்று நாளைக்கு முன் பழைய கோடைத் திருத்தி எழுதினாள். சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு 'மீதநாள்' என்று ஒரு பிராபர்ட்டியை, அதாவது அந்த விவரத்துக்கான பெயரை, முறையாக அறிவித்தாள். முழு எண், விவரம் வராத வீடென்றால் வெறுமை. அந்த வெறுமைகளை ஒதுக்க ஒரு ஃபில்டர் போட்டாள், நிபந்தனை எதுவும் கொடுக்காமல். பட்டியல் சுத்தமாக வந்தது. மேனேஜர்கூட மெச்சினார்.

அன்று காலை வண்டிக்காரர் பட்டியலோடு வந்து நின்றார். "ஏம்மா, மூணு நாளா மீதம் சைபர்னு ஒரு வீடும் வரல. ஜனங்க எல்லாம் திடீர்னு குணமாயிட்டாங்களா? நேத்து ஏழெட்டுப் பேர் கூப்பிட்டுக் கேட்டாங்களாம். வரிசைப்படி வரும்னு கவுன்ட்டர்ல சொல்லிட்டாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் அம்மாவின் போன். "அப்பா சிலிண்டர்ல முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. சின்னது ஒண்ணு இருக்கு, மத்தியானம் வரைக்கும்தான். வண்டி எப்போ வரும்?"

நிபந்தனை இல்லாத ஃபில்டருக்கு வெறுமையும் சைபரும் ஒன்றுதான். இரண்டையும் பதர் என்று தள்ளிவிடும். தீர்ந்துபோன வீடுகள் மட்டும் மூன்று நாளாகப் பட்டியலில் விழவே இல்லை.

'வெறுமையை மட்டும் நீக்கு' என்று நிபந்தனை சேர்த்து ஓட்டினாள். பன்னிரண்டு சைபர்கள். அப்பா பதினொன்றாவது, இன்றுதான் தீர்கிறது. முதல் வரியில், வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர். அவருக்கு முந்தாநாளே தீர்ந்திருந்தது.

"வண்டி ஒண்ணுதான்மா இருக்கு. முதல்ல எங்க போகட்டும்?"

அம்மா இன்னும் லைனில்தான் இருந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா," என்று வைத்துவிட்டு, முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள். வண்டிக்காரர் ஓடினார்.

அந்தப் பெரியவரின் எண்ணுக்கு அவளே போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.