எல்லா அறையிலும் பூஜ்யம்

கும்மிடிப்பூண்டி வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக நடமாடிய அந்த அக்காவின் உருவம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் கணினி வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்கா அங்கே குளிர் அறைகளின் சூப்பர்வைசர். அவருடைய கணவர் இரும்பு ஆலையில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். அக்காவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

அறைகளின் வெப்பநிலையைக் காட்ட மானேஜர் அறையில் ஒரு திரை இருந்தது. வெளியாள் ஒருவர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பாய்லர் பகுதியில் அது சரியாகவே காட்டியதால், குளிர் அறைகளையும் அதில் இணைத்துவிட்டார்கள். மறுநாள் காலை நான் ரயிலிறங்கி வேலைக்கு வந்தபோது, இரவு ஷிப்ட் முடித்த அக்கா மானேஜர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரவில் ஒவ்வொரு அறையும் தொட்ட அதிகபட்ச வெப்பநிலை பூஜ்யம் என்றது திரை. மைனஸ் பதினெட்டைத் தாண்டவே கூடாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரி வாசலில் நின்றது.

“கதவத் தொறந்து போட்டுட்டு எங்கம்மா போனீங்க?”

“எங்கியும் போவல சார். பெட்டியப் பிரிச்சிப் பாருங்க, கல்லு மாதிரி கீது.”

“உருகி மறுபடி உறைஞ்சாலும் கல்லு மாதிரிதாம்மா இருக்கும்.”

சரக்கு வீணென்று ஒதுக்கப்பட்டால் தன் வேலையும் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லா அறையிலும் ஒன்றுபோல, புள்ளி பிசகாமல் பூஜ்யம் என்பது எனக்கு உறுத்தியது. கொஞ்சம் நேரம் கேட்டு நிரலைத் திறந்தேன்.

ஒரு பெரிய வரிசை; அதற்குள் அறைக்கு ஒன்றாகச் சின்ன வரிசைகள். ஒவ்வொன்றிலும் இரவு முழுவதும் பதிவான அளவுகள். அவற்றில் பெரிய எண்ணைப் பொறுக்கி எடுப்பதுதான் நிரலின் வேலை. ஆனால் ‘இதுவரை கண்ட பெரிய எண்’ என்ற இடத்தில், எதையும் பார்ப்பதற்கு முன்பே பூஜ்யத்தைப் போட்டு வைத்திருந்தார் எழுதியவர். பாய்லரின் சூடு அதை எளிதாகத் தாண்டிவிடும். குளிர் அறையின் மைனஸ் எண்கள் எதுவுமே தாண்டாது; கடைசியில் அந்தப் பூஜ்யமே விடையாக நிற்கும். பூஜ்யத்தை எடுத்துவிட்டு, அந்தந்த வரிசையின் முதல் அளவிலிருந்தே ஒப்பிடும்படி மாற்றினேன். திரையில் இப்போது மைனஸ் பத்தொன்பது, மைனஸ் இருபது, மறுபடியும் மைனஸ் இருபது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மானேஜர் மூல அளவுகளையும் தானே ஒருமுறை சரிபார்த்தார். “லாரிய அனுப்புங்க” என்றவர், அக்காவிடம் திரும்பி, “மனசுல வெச்சுக்காதம்மா” என்றார்.

அக்கா வெளியே வந்து படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நைனா, பூஜ்யத்தவிட மைனஸு சின்னதுன்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியும்க்கா. தெரிஞ்சதாலதான் இவ்ளோ வம்பு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு என்னை விடாமல் கேன்டீனுக்கு இழுத்துப் போய் நாஷ்டா வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். பெரிய எண்ணைத் தேடும் நிரலை யார் எழுதிக் கொண்டுவந்தாலும், வெறும் மைனஸ் எண்களாகக் கொடுத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வேன். அக்கா அங்கேயேதான் இருக்கிறார். சென்ற வாரம் போனில் நலம் விசாரித்தேன்.

“நல்லா கீறோம் நைனா. எல்லாம் மைனஸ்லதான் ஓடுது.”