அண்ணி வாங்கிய பேட்டரி

அண்ணி சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில், தண்ணீர் கேன்களை விளிம்புவரை அடுக்கிய பிக்கப் வண்டி அசையாமல் நின்றது. மறுபடி திருப்பினாள். மறுபடி ‘டக்’. டீக்கடை வாசலில் நின்றிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே வந்து வண்டியின் பின்னால் கை வைத்தார்கள். அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. தள்ளிக்கொண்டே ஒருவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: “இத்த வித்துட்டு வூட்ல குந்திக்கினு இருக்கலாமில்ல.” அண்ணிக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர்களுக்கு நன்றி காட்டிவிட்டு மணலி பக்கம் போய்விட்டாள்.

அது என் அண்ணனின் வண்டி. காசிமேட்டிலிருந்து மீன் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தவன், வளைகுடா நாடு ஒன்றில் டிரைவர் வேலை கிடைத்ததும் வண்டியை ஒரு கூலி டிரைவரிடம் விட்டுவிட்டுப் போனான். டீசல் எங்கே போகிறது, லோடு எத்தனை நடை போகிறது என்று எதற்கும் அந்த டிரைவர் சரியாகப் பதில் சொல்லாததால், சில மாதங்களில் அண்ணி அவரை நிறுத்திவிட்டுத் தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். கல்யாணமான புதிதில் மணலி புதுநகரின் காலித் தெருக்களில் அவளை உட்காரவைத்து, அவள் கையின் மேல் தன் கையை வைத்து கியர் மாற்றப் பழக்கினான். பின்னால் உட்கார்ந்து நானும் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன். லைசென்ஸ் வாங்கவைத்ததும் அவன்தான். அந்த வருடங்களில் ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். மணலி சாலையில் இருந்த பட்டறைகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் குடிதண்ணீர் கேன் கொண்டுபோய் இறக்கும் வேலையை அண்ணி பிடித்துக்கொண்டாள். எங்கள் பகுதியில் சரக்கு வண்டி ஓட்டிய பெண் அன்றைக்கு வேறு யாரும் எனக்குத் தெரிய இல்லை.

வண்டியின் பராமரிப்பை அண்ணன் தன் தோஸ்து ஒருவரிடம் ஒப்படைத்திருந்தான். எம்.கே.பி. நகரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்; அப்பா இறந்தபோது தோள் கொடுத்தவர்களில் ஒருவர். வண்டி நின்றால் பைக்கில் வருவார். பேட்டரி போய்விட்டது என்பார். கழற்றிக்கொண்டு போவார். சில நாள் வண்டி சும்மா நிற்கும். பிறகு வேறு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவார். இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும், அதன் பிறகு மறுபடி அந்த ‘டக்’. புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று அண்ணி கேட்டபோதெல்லாம் அவர் தடுத்தார். “புதுசு இப்ப வேணாம் அண்ணி. பழசுக்கு புது ஸ்டிக்கர் ஒட்டி உன் தலைல கட்டிடுவானுங்க. அண்ணன் லீவுல வரும்போது பாத்து வாங்கட்டும்.” அதற்குள் இரண்டு பட்டறைகள் வேறு ஆளிடம் தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டன. கேன் வாங்குகிறவன் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் காத்திருக்கமாட்டான்.

அண்ணி பிறவியிலேயே சந்தேகக்காரி அல்ல. கல்யாணமாகி வந்தபோது, தெருவில் புடவை விற்க வந்தவளிடம் விலைகூடக் கேட்காமல் வாங்கியவள். அந்த வண்டி அவளை மாற்றியது. முதலில் தெருவைச் சந்தேகப்பட்டாள். பேட்டரி இருப்பது வண்டியின் பக்கவாட்டில், சரக்குத் தட்டுக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டிக்குள். யாரோ ராத்திரியில் வயர் மாட்டிக் கரண்ட் இழுக்கிறார்கள் என்று நினைத்து, பெட்டி மூடியின் இடுக்கில் தன் தலைமுடி ஒன்றைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்தாள். காலையில் முடி அப்படியே இருந்தது. வண்டி கிளம்பவில்லை. அதன் பிறகு மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நம் வீட்டுச் சோறு தின்றவர் அப்படிச் செய்யமாட்டார் என்று வாதாடினேன். அண்ணி தன் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். “துன்னவன் திருடமாட்டான்னு உனக்கு யார் சொன்னாங்க பாப்பா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

நான் அப்போது ராயபுரத்தில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் லீவு போடச் சொன்னாள். டீக்கடைக்காரரிடம் ஸ்பேனர் வாங்கி, பெட்டியின் போல்ட்டைத் தானே கழற்றினாள். அதற்கு முன் அவள் அந்தப் பெட்டிக்குள் பார்த்ததில்லை. மெக்கானிக் வரும்போதெல்லாம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். உள்ளே பேட்டரி இருந்தது. அதன் பக்கத்தில், ஆடாமல் இருப்பதற்காக ஒரு மரக்கட்டை சொருகியிருந்தது. அண்ணி அந்தக் கட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேட்டரியைக் கோணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். கட்டையையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பேட்டரிக் கடைகள் நிறைந்த யானைக்கவுனியில் இறங்கினோம். முதல் கடைக்காரர் அண்ணியைப் பார்க்காமல் எங்கள் ஆட்டோ டிரைவரிடமே பேசினார். பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். அண்ணி அதன் ஈய முனைகளைச் சுற்றி விரலை ஓட்டினாள். வயர் கிளாம்பு கடித்த கீறல் இருந்தது. “இது ஒருதபா வண்டில ஏறி எறங்கினது” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த கடையில் அட்டைப்பெட்டியோடு காட்டினார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த டேப்புக்கு அடியில் கிழிந்த பழைய டேப் ஒன்று தெரிந்தது. அங்கும் நிற்கவில்லை. மூன்றாவது கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. என்ன வண்டி, டீசலா, பழையது எங்கே என்று வரிசையாகக் கேட்டார். கோணியைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

“இத்த எதுலேர்ந்து கழட்டின?”

“என் வண்டிலேர்ந்துதான்.”

“இது சின்ன காருக்குப் போடறதும்மா. உன் வண்டிய இது இழுக்காது. சார்ஜ் ஏத்தி மாட்டினா ரெண்டு மூணு நாள் ஓடும், அப்புறம் படுத்துக்கும். யார் மாட்டினது?”

அவரையும் அண்ணி நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. விற்பதற்காகத்தானே கடை வைத்திருக்கிறார்; பெரிய பேட்டரியைத் தள்ளிவிட இப்படியும் சொல்லலாம். என் வண்டிக்கு உரியதைக் காட்டுங்கள் என்றாள். அவர் ஒன்றைத் தூக்கிவந்து தரையில் வைத்தார். அண்ணி குந்தி உட்கார்ந்து, நாங்கள் கொண்டுபோன பேட்டரியை அதன் பக்கத்தில் வைத்தாள். அதை ஒட்டி மரக்கட்டையை வைத்தாள். சின்னதும் கட்டையும் சேர்ந்து, பெரியதின் நீளத்துக்குச் சரியாக வந்தது. மெக்கானிக் சொன்னதையும் நம்பாமல் பாய் சொன்னதையும் நம்பாமல் இருந்தவள், அந்தக் கட்டையை நம்பினாள். எழுந்து, பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். எம்.கே.பி. நகருக்குப் போகச் சொன்னாள்.

வழியில் ஒரே ஒருமுறைதான் பேசினாள். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் பக்கத்து மளிகைக் கடை போனுக்குக் கூப்பிடுவான். போன வாரம் பேட்டரி மறுபடி போய்விட்டது என்று அவள் சொன்னாளாம். “வண்டி ஓட்டறதே பொழப்பா இருக்கற ஆளு. எப்படி போச்சு, எந்த பேட்டரி, எவ்ளோ நாள் வந்துச்சுன்னு ஒரு வார்த்த கேக்கல பாப்பா. வூட்ல இருன்னு சொல்லிச்சு.” அதை அவள் ஏன் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவளுக்கே முழுதாக விளங்கியிருந்ததா என்றும் தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஒரு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். அண்ணி கையிலிருந்த கட்டையைப் பார்த்ததும் கை துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. அண்ணி அவரைத் தாண்டி உள்ளே போனாள். ஷெட்டின் மூலையில், ஒரு பலகை மேல், கோணிக்கு அடியில் எங்கள் பேட்டரி இருந்தது. வண்டி நம்பரை அண்ணன் தன் கையால் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தான். அந்தக் கோணல் எழுத்து எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். பேட்டரி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. சார்ஜர் வயர் மாட்டியிருந்தது.

“இத்த வித்திருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும்” என்றாள் அண்ணி. “வெச்சு காபந்து பண்ணிக்கினு கீற. யாருக்கு?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அண்ணன் சொல்லிச்சு அண்ணி. நீ ஓட்டறது அதுக்குப் புடிக்கல. நேரா சொன்னா நீ கேக்கமாட்ட, வண்டி பேஜாரு பண்ணா நீயே வுட்டுடுவன்னு சொல்லிச்சு. அது வந்ததும் இதயே மாட்டணும்னுதான் பத்திரமா வெச்சிருந்தேன்.”

எவ்வளவு நாளாக என்று மட்டும் அண்ணி கேட்டாள். அவள் ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலிருந்தே என்றார். எங்கள் பகுதியிலிருந்து அங்கே போன ஒருவன், அண்ணன் தங்கியிருந்த அறையில் எல்லார் முன்னாலும் அண்ணி வண்டி ஓட்டுவதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுச் செத்தவர்களின் கதையையும் அவனே சொல்லியிருக்கிறான். அண்ணன் எதற்கு அதிகம் பயந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் உயிருக்கா, அந்தச் சிரிப்புக்கா? கியர் மேல் அவள் கையை வைத்துப் பழக்கியவனும், கண்காணாத தூரத்திலிருந்து அவள் வண்டியை நிறுத்தியவனும் ஒரே ஆள்தான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அண்ணி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சார்ஜர் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேட்டரியை ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள். ஏற்றிவிட்டு, தானே வந்து மாட்டித் தருவதாக மெக்கானிக் சொன்னார். “என் வண்டிய இனிமே தொடாத” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நான் நினைத்தேன். அவள் மறுபடி யானைக்கவுனிக்கு விடச் சொன்னாள். இது நம்முடையது, நன்றாகத்தானே இருக்கிறது, இதையே போடலாமே என்றேன். “எவ்ளோ நாளா அவன் கைல கீது. உள்ள இன்னா ஊத்தி வெச்சிருக்கானோ” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், வெளியே பார்த்தபடி, “எனக்கு இது வேணாம் பாப்பா” என்றாள்.

பாய் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. சின்னது, பெரியது இரண்டையும் பழைய பேட்டரி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அண்ணி புதியதைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாள். பெட்டியைத் தன் கண் முன்னால் பிரிக்கச் சொன்னாள். முதலில் வந்ததின் மூடியில் ஏதோ கறை என்று திருப்பினாள். அடுத்ததைத் தூக்கிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆசிட் ஊற்றிச் சார்ஜ் ஏற்ற நேரமாகும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார் பாய். அண்ணி அசையவில்லை. கடை வாசலிலேயே, அந்த பேட்டரிக்கு எதிரில், கண்ணெடுக்காமல் நின்றாள்.

“நம்பிக்க இல்லியாம்மா?” என்றார் அவர்.

“இன்னிக்கு யார் மேலயும் இல்ல பாய்.”

அவருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். ஆனால் காட்டவில்லை. ஒரு ஸ்டூலை எடுத்து அவள் பக்கம் வைத்தார். மேஜை விசிறியை அவள் இருந்த திசைக்குத் திருப்பிவிட்டு, வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். சாயங்காலம் புறப்படும்போது, அதே தெருவில் இரும்புக் கடையில் அண்ணி ஒரு பூட்டும் கொண்டியும் வாங்கினாள். பேட்டரியைத் தானே மாட்டினாள். மறுநாள் வெல்டிங் பட்டறையில் கொண்டியை வைத்து, பெட்டியைப் பூட்டினாள். சாவியைத் தாலிச் சரட்டில், ஊக்கோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் நானும் கூட நின்றேன். வண்டி ஓடுகிறதா என்று அண்ணன் கேட்டிருப்பான். “ஓடுது. புது பேட்டரி போட்டேன். நானே பாத்து வாங்கினேன். பழச கடைல குடுத்துட்டேன், அந்த மஞ்ச பெயின்ட்டு போட்டதையும்” என்றாள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் கழித்து அண்ணி, “ம், சாப்ட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சில வருடங்கள் கழித்து அண்ணன் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். வந்த மறுநாள் காலை வண்டியைச் சுற்றிவந்து, அந்தப் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தான். இது எதற்கு என்று கேட்டான். “நம்ம ஏரியால பேட்டரி திருட்டு ஜாஸ்தி” என்றாள் அண்ணி, அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் பூட்டை மெதுவாக விட்டான். என் முன்னால் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தனியாகப் பேசியிருப்பார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

இப்போது அவர்களிடம் வேறு வண்டி. பேட்டரி முன்பக்கம் பானெட்டுக்குள் இருக்கிறது. தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை. அண்ணி ஓட்டுகிறாள், இடது பக்கம் அண்ணன் உட்கார்ந்து, கண்டெய்னர் லாரி நெருங்கும்போதெல்லாம் காலால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறான். போன மாதம் அவர்களோடு எண்ணூர் வரை போனேன். அண்ணி குனிந்து கண்ணாடியைத் துடைத்தபோது தாலிச் சரடு முன்னால் வந்து விழுந்தது. ஊக்குக்குப் பக்கத்தில், தேய்ந்து வெளுத்துப்போன அந்தச் சாவி. பூட்டும் வண்டியும் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நான் பார்ப்பதை அண்ணன் பார்த்தான். நாங்கள் இருவருமே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அண்ணி சரட்டை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு கியரை மாற்றினாள்.