ராஜாவை முதலிலேயே தாண்டவைத்த பெரியப்பா

1. அக்கா கல்யாணத்தின் முதல் தாம்பூலத்தை அப்பா என் கையில் கொடுத்து, அடுத்த வீட்டுப் பெரியப்பாவிடம் சேர்க்கச் சொன்னார்.
2. பெரியப்பா தட்டைத் தொடவில்லை.
3. சதுரங்கப் பலகையை எடுத்துவைத்து, நான் ஜெயித்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.
4. மூன்றாம் நகர்த்தலிலேயே தம் ராஜாவைக் குதிரைபோலத் தாண்டவைத்தார்.
5. அதற்கு என்ன ஆடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வரப்பிலிருந்த ஒரு தென்னை யாருடையது என்ற தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் நான்கு மாதமாகப் பேசவில்லை. அதற்கு முன் தினமும் மத்தியானம் சதுரங்கம் ஆடுவார்கள். மூத்தவர் தாம்பூலம் வாங்காமல் ஊரில் வேறு யாரையும் அழைக்க முடியாது. எங்கள் ஊரான பெருமாட்டி முழுக்கக் காத்திருந்தது. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

“ஏம்மிணி, உங்கொப்பனுக்குக் கால்ல முள்ளுக் குத்தியிருக்குதா?” என்றார் பெரியப்பா.

“இல்லீங். களத்துல கடலை காயவெக்கறாருங்.”

ஆட உட்கார்ந்தபோது எனக்குப் பயமில்லை. அப்பாவின் முதல் ஆறு நகர்த்தல்கள் எனக்கு மனப்பாடம். பெரியப்பாவின் பதில்களும் எப்போதும் அதேதான். சதுரங்கம் என்றால் அந்த வரிசை என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ச் சதுரங்கத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாண்டலாம். ஆபத்துக்கென்று வைத்திருக்கும் அந்தப் பாய்ச்சலை ஆரம்பத்திலேயே யாரும் வீணாக்குவதில்லை. என் வரிசையில் அதற்கு இடமில்லை.

களத்துக்கு ஓடினேன்.

“ராஜாவையா? இப்பவேவா? அந்த ஊட்டுக்காரருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. குதிரைக்கு முன்னால இருக்கற காலாளத் தள்ளு, போ” என்றார் அப்பா.

தள்ளினேன். பெரியப்பா யோசிக்கவே இல்லை. மந்திரியைக் கொண்டுவந்து, என் காலாள் வெட்டுவதற்குத் தோதாக நிறுத்தினார். வெட்டலாமா கூடாதா? மறுபடி ஓடினேன்.

“பொய் சொல்லாத அம்மிணி. எங்கண்ணன் மந்திரியக் குடுக்க மாட்டாரு.”

“வேணும்னா வந்து பாருங்.”

வேட்டியெல்லாம் கடலைமண்ணோடு வந்து பலகைக்கு முன்னால் நின்றார் அப்பா. நெடுநேரம் பார்த்தார்.

“இதென்னுங்ணா ஆட்டம்?”

பெரியப்பா தலை நிமிரவில்லை. “நாலு மாசமா ஆடல. மறந்துபோச்சு. உக்காரு.”

அப்பா உட்கார்ந்தார். ஜெயிக்கும் தறுவாயில் இருந்த என் காய்களைக் கலைத்து, எல்லாவற்றையும் பழைய இடத்தில் அடுக்கினார். நான் அழுதேன். யாரும் கவனிக்கவில்லை. பெரியம்மா மோர் கொண்டுவந்தபோது அப்பா எழுந்து, என் பக்கத்திலிருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். பெரியப்பா வாங்கிக்கொண்டார்.

“ஆட்டத்தப் பாரு. உன்ற யானை போகுது” என்றார்.

பெரியப்பாவுக்கு மறதி வியாதி என்று நான் நிச்சயமாக நம்பினேன். மறுநாளிலிருந்து வாய்க்கால் ஓரத்து வல்லாரைக்கீரையைப் பறித்துக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மென்று தின்றார். ஒரு மாதம் தின்றார். அதன்பின் அவர் அப்பாவைத் தொடர்ந்து ஜெயித்ததற்கு அந்தக் கீரைதான் காரணம் என்று வெகுகாலம் பெருமைப்பட்டேன்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தென்னை வரப்பிலேயே நிற்கிறது. அது யாருடையதென்று இன்னும் தீரவில்லை. காய் இரண்டு வீட்டுக்கும் போகிறது.